புகார்ப் புத்தகமும் விமான நிலையமும்

1909ஆம் ஆண்டு. வங்காளத்தைச் சேர்ந்த ஓக்கில் சந்திர சென் என்னும் பயணி, சாகிப்கஞ்ச் இரயில்வே அலுவலகத்திற்கு ஒரு கடிதம் எழுதினார். அகமதுபூர் நிலையத்தில் வண்டி நின்றபோது வயிற்று உபாதை தாங்காமல் அவர் கீழே இறங்கிப் போனார். அவர் திரும்புவதற்குள் கார்டு ஊதலை ஊத, வண்டி புறப்பட்டுவிட்டது. ஒரு கையில் செம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடிவந்த சென், நடைமேடையில் இடறி விழுந்தார். ஆண்களும் பெண்களும் பார்த்திருக்க மானம் போயிற்று. பயணி ஒருவர் இத்தகைய அவசரத்திற்குப் போயிருக்கும்போது ஐந்து நிமிடம் காத்திருக்கக் கூடாதா, அந்தக் கார்டுக்குப் பெரும் அபராதம் போடுங்கள், இல்லையேல் செய்தித்தாள்களுக்கு எழுதிவிடுவேன் என்று அவர் முறையிட்டார்.

தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்தக் கடிதம் இன்று புதுதில்லி இரயில் அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற காட்சிப் பொருள்களுள் ஒன்று. சாதாரண வகுப்புப் பெட்டிகளுக்குக் கழிப்பறை வந்த கதையைச் சொல்வோர் இக்கடிதத்திலிருந்து தொடங்குவது வழக்கம். படிப்பவர் சிரிக்காமல் இருப்பதில்லை. ஆயினும் சிரித்து முடித்த பிறகு ஒன்றைக் கவனியுங்கள். சென் கேட்டது கார்டுக்கு அபராதம். பயணிகளுக்கு வேண்டியிருந்ததோ பெட்டிக்குள் ஒரு கழிப்பறை. கார்டுக்கு அபராதம் போட்டிருந்தால் சென்னின் மனம் ஆறியிருக்கும். மறுநாள் அதே வண்டியில் வேறொருவர் செம்புடன் ஓடியிருப்பார்.

பொதுமக்கள் சொல்லும் குறை எப்போது ஒரு சேவையைத் திருத்துகிறது? எப்போது வெறும் கூச்சலாகக் காற்றில் கரைகிறது? இக்கேள்விக்கு இரயிலிலும் வானூர்தியிலும் நிகழ்ந்த சில வரலாற்று நிகழ்ச்சிகளின் வழியே விடை தேடுவோம். நம் கதை முடியும் இடம் மீனம்பாக்கம். இன்று சென்னை மாவட்டத்தில் இருக்கும் அவ்விடம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் மண்தான்.

சென்னைக்கு வந்த ஒரு மூன்றாம் வகுப்புப் பயணி

சென் கடிதம் எழுதி எட்டு ஆண்டுகள் கழித்து, 1917 செப்டம்பரில், பம்பாயிலிருந்து சென்னைக்கு மெயில் வண்டியில் ஒரு பயணி வந்தார். அவர் பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பியது முதல் மூன்றாம் வகுப்பிலேயே பயணம் செய்வது என்று வைத்திருந்தார். அந்தப் பயணம் முடிந்த சில நாள்களில் இந்திய இரயில்வேயின் மூன்றாம் வகுப்பைப் பற்றிப் பத்திரிகைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். பின்னர் அது சிறு நூலாகவும் வெளிவந்தது.

அக்கடிதத்தைப் படித்தால் அது ஏறத்தாழ ஓர் ஆய்வுக்கூடக் குறிப்பேடு போல இருக்கும். பயணச் சீட்டின் விலை 13 ரூபாய் 9 அணா. பெட்டியின் மேல் எழுதியிருந்தது 22 பேருக்கு இடம் என்று. அதுவும் உட்காருவதற்கு மட்டுமே. சென்னைக்கு வந்து சேர அந்தப் பெட்டியில் இரண்டு இரவுகள் கழிய வேண்டும். ராய்ச்சூரைக் கடந்தபின் நெரிசல் தாங்க முடியாததாயிற்று. வழி நெடுகப் பெட்டி ஒருமுறைகூடப் பெருக்கப்படவில்லை. கழிப்பறைத் தொட்டியில் தண்ணீர் இல்லை. முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்பைப் போல் ஐந்து மடங்குக்கு மேல். அப்படியானால் முதல் வகுப்பில் கிடைக்கும் வசதியில் ஐந்தில் ஒரு பங்காவது, ஏன், பத்தில் ஒரு பங்காவது மூன்றாம் வகுப்பில் கிடைக்கிறதா என்று கேட்டார்.

இந்தக் கடைசிக் கேள்வியைப் பாருங்கள். இது விகிதக் கணக்கு. தொகை இவ்வளவு, கிடைத்தது இவ்வளவு, இரண்டையும் ஒப்பிடு என்கிறது. இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் கோபித்துக்கொள்ளலாம். எண்ணை மறுக்க முடியாது. எந்த வண்டி, எந்த நாள், எத்தனை பேர், எந்த ஊருக்குப் பிறகு என்பன எல்லாம் அதில் இருந்தன. சென்னின் கடிதத்தில் ஒரு மனிதரின் அவமானம் தெரிகிறது. காந்தியின் கடிதத்தில் ஓர் அமைப்பின் அளவு தெரிகிறது. இரண்டும் தேவை. முதலாவது கவனத்தை இழுக்கும். இரண்டாவது எதைத் திருத்துவது என்று காட்டும்.

பின்னூட்டம் என்பது என்ன?

பொறியியலில் பின்னூட்டம் என்னும் சொல் ஒரு திட்டமான பொருளில் வழங்குகிறது. ஒரு பொறி வெளியிடும் விளைவின் ஒரு பகுதியை மீண்டும் அதன் உள்ளீட்டுப் பக்கம் கொண்டுவந்து, அதைக்கொண்டே பொறியை நெறிப்படுத்துவது பின்னூட்டம்.

1788இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி எஞ்சினில் சுழலும் இரண்டு உலோகக் குண்டுகளைப் பொருத்தினார். எஞ்சின் வேகம் கூடினால் குண்டுகள் விலகி உயரும், அதனால் நீராவிக் குழாயின் அடைப்பிதழ் சற்றே மூடும், வேகம் குறையும். வேகம் குறைந்தால் குண்டுகள் தாழும், அடைப்பிதழ் திறக்கும், வேகம் கூடும். ஒரு மாறுதலுக்கு எதிர்த் திசையில் திருத்தம் நிகழ்வதால் இதை எதிர்மறைப் பின்னூட்டம் என்கிறோம். எதிர்மறை என்ற சொல்லைக் கேட்டுக் கெட்டது என்று நினைத்துவிடக் கூடாது. எஞ்சினை நிலையாக ஓட வைப்பதே அதுதான்.

1927இல் அமெரிக்கப் பொறியாளர் ஹெரால்டு பிளாக், வேலைக்குச் செல்லும் வழியில் ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில் இருந்தபோது, தொலைபேசிப் பெருக்கிகளுக்கு இதே தத்துவத்தைப் பயன்படுத்தும் வழி அவருக்குத் தோன்றியது. கையிலிருந்த செய்தித்தாளிலேயே அதை வரைந்தார். பெருக்கியின் வெளியீட்டில் ஒரு பகுதியை எதிர்க் கட்டத்தில் உள்ளே திருப்பிவிட்டால் ஒலித் திரிபு பெரிதும் குறையும் என்பது அந்தக் கருத்து. பெருக்கம் பெரிதும் குறைந்தது. ஆனால் குரல் தெளிவாயிற்று.

எந்தப் பின்னூட்டச் சுற்றுக்கும் நான்கு உறுப்புகள் வேண்டும். நடப்பதை உணரும் உறுப்பு ஒன்று. நடக்க வேண்டியது எது என்னும் குறியளவு ஒன்று. இரண்டையும் ஒப்பிட்டு வேறுபாட்டைக் காணும் உறுப்பு ஒன்று. அவ்வேறுபாட்டுக்கு ஏற்பச் செயலைத் திருத்தும் உறுப்பு ஒன்று. இந்நான்கில் எது இல்லாமற்போனாலும் சுற்று அறுந்துவிடும்.

ஐந்தாவதாகக் காலம் என்னும் ஒன்றும் உண்டு. 1868இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் வாட்டின் குண்டுகளைப் போன்ற வேகக் கட்டுப்படுத்திகளைக் கணித முறையில் ஆராய்ந்தார். எந்த நிலையில் ஒரு பொறி அமைதியாக ஓடும், எந்த நிலையில் வேகம் கூடுவதும் குறைவதுமாக ஊசலாடும் என்று காட்டினார். திருத்தம் மிகத் தாமதமாக வந்தால் அது திருத்தமாக இராது. வேகம் ஏற்கெனவே குறைந்த பிறகு மேலும் குறைக்கும். கோடை விடுமுறையில் வந்த கூட்டத்தைப் பற்றிய புகாருக்கு மழைக்காலத்தில் ஆள் கூட்டும் நிருவாகமும் இப்படி ஊசலாடும் எஞ்சினே.

பயணியின் குரலை உணரும் உறுப்பாக வைத்து இச்சுற்றை வானூர்திப் போக்குவரத்தில் பொருத்திப் பார்ப்போம்.

தலைவரே பயணியானார்

1932 அக்டோபர் 15ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் பைகளுடன் ஒரு சிறு வானூர்தியை ஓட்டி வந்தார். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னை வரை அத்தபாலைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். இந்திய வான்வழிப் போக்குவரத்து வரலாற்றின் முதல் அத்தியாயத்திலேயே சென்னை இடம்பெற்றது இவ்வாறுதான்.

பிற்காலத்தில் ஏர் இந்தியாவின் தலைவராக இருந்தபோது டாட்டா தாம் செய்த பயணம் ஒவ்வொன்றிலும் குறிப்பெழுதும் பழக்கம் வைத்திருந்தார். 1951இல் எழுதிய குறிப்பு ஒன்றில், வானூர்தியில் தரும் தேநீரின் நிறத்துக்கும் காப்பியின் நிறத்துக்கும் வேறுபாடே இல்லை என்று குறைப்பட்டார். சில இருக்கைகள் அளவுக்கு மேல் சாய்கின்றன என்றும் எழுதினார். சிறு செய்திகள்தாம். ஆனால் எந்தப் பொருள், என்ன குறை என்பது அவற்றில் ஐயமின்றி இருந்தது. தலைவரின் குறிப்பு ஆதலால் செயல் உறுப்பு உடனே இயங்கியது. நிறுவனம் உலகப் புகழ் பெற்ற காலம் அது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. தலைவர் குடித்த தேநீர் திருந்திவிடும். தலைவரல்லாத பயணி சொன்னால்? அதைவிடக் கடினமான கேள்வி: சொன்ன செய்தி போய்ச் சேர வேண்டியவரிடம் சேராவிட்டால்? இரண்டாவது கேள்விக்கு 1974இல் மிகக் கொடிய விடை கிடைத்தது.

ஆறு வாரங்களுக்கு முன்பே தெரிந்த செய்தி

1974 டிசம்பர் 1ஆம் நாள் டிரான்ஸ் வேர்ல்டு ஏர்லைன்சின் 514ஆம் எண் போயிங் 727 விமானம் வாஷிங்டனை நோக்கி வந்துகொண்டிருந்தது. காற்று கடுமையாக இருந்தமையால் அருகிலிருந்த டல்லஸ் விமான நிலையத்துக்குத் திருப்பி விடப்பட்டது. தரையிறங்க அணுகலாம் என்று தரைக் கட்டுப்பாட்டிலிருந்து அனுமதி வந்தது. அந்தச் சொற்களுக்கு விமானி ஒரு பொருள் கொண்டார். கட்டுப்பாட்டாளர் வேறு பொருள் கொண்டிருந்தார். உயரத்தைத் தானே குறைத்துக்கொள்ளலாம் என்று எண்ணிய விமானி, மலைப் பகுதியைக் கடக்கும் முன்பே 1,800 அடிக்கு இறங்கத் தொடங்கினார். விமானம் வர்ஜீனியாவின் மவுண்ட் வெதர் என்னும் மலையில் மோதியது. அதிலிருந்த 92 பேரும் மாண்டனர்.

விசாரணையில் வெளிவந்த செய்திதான் நெஞ்சை உலுக்கியது. ஆறு வாரங்களுக்கு முன், இன்னொரு நிறுவனமான யுனைடெட் ஏர்லைன்சின் விமானம் ஒன்று அதே இடத்தில், அதே சொற்களை அதே விதமாகப் புரிந்துகொண்டு, மலையில் மோதாமல் மயிரிழையில் தப்பியிருந்தது. அதன் விமானிகள் தங்கள் நிறுவனத்திடம் அதைத் தெரிவித்தார்கள். நிறுவனமும் தன் விமானிகள் அனைவரையும் எச்சரித்தது. ஆனால் அச்செய்தி அந்நிறுவனத்தின் சுவரைத் தாண்டவில்லை. உணரும் உறுப்பு வேலை செய்தது. ஒப்பிடும் உறுப்பும் வேலை செய்தது. கம்பி மட்டும் பாதி வழியில் அறுந்திருந்தது.

இதன் பிறகு அமெரிக்காவில் ஒரு பொது அறிவிப்பு முறையை ஏற்படுத்த முயன்றார்கள். முதலில் வான்போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசுத் துறையே அறிக்கைகளைப் பெற முன்வந்தது. தவறு செய்தால் தண்டிக்கும் அதிகாரம் உடைய அத்துறையிடமே தன் தவறைச் சொல்ல யார் துணிவார்? ஆகவே தண்டிக்கும் அதிகாரம் எதுவும் இல்லாத விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. 1976இல் அம்முறை செயல்படத் தொடங்கியது. விமானி, கட்டுப்பாட்டாளர், பணியாளர் எவரும் எழுதலாம். எழுதியவரின் பெயர் நீக்கப்படும். உள்ளடக்கம் மட்டும் அனைவருக்கும் கிடைக்கும். தொடங்கிய நாள் முதல் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட அறிக்கைகள் அங்கு வந்துள்ளன.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் விமானிகளுக்கு மட்டும் உரியதன்று. குறை சொல்பவருக்கு அச்சம் இருந்தால் உணரும் உறுப்பு ஊமையாகிவிடும். நம் ஊர் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் தொங்கும் புகார்ப் பெட்டிகள் பல ஏன் காலியாகவே இருக்கின்றன என்பதற்கும் இதுவே ஒரு காரணம்.

வரிசையின் கணக்கு

இனி மீனம்பாக்கத்துக்கு வருவோம். சென்னை விமான நிலையத்தை ஆண்டுக்கு இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பயணிகள் பயன்படுத்துகிறார்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 60,000 பேர். விமான நிலையங்களில் மிகப் பழைய குறை வரிசையில் நிற்கும் நேரம்தான். பாதுகாப்புச் சோதனை, குடியேற்றச் சோதனை, பெட்டிக்குக் காத்திருத்தல் என எங்கும் வரிசை.

வரிசையைப் பற்றிய அறிவியலும் சென் கடிதம் எழுதிய அதே 1909இல்தான் பிறந்தது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஏ.கே. எர்லாங், தொலைபேசி அழைப்புகள் எதேச்சையாக வந்து சேரும் முறையைப் பற்றித் தம் முதல் கட்டுரையை அவ்வாண்டு வெளியிட்டார். அவர் இட்ட அடித்தளத்தின் மேல் எழுந்த கணக்கு ஒன்றை இங்கே பார்க்கலாம்.

ஒரு சோதனை மேடையில் ஒருவரைச் சோதிக்கச் சராசரியாக ஒரு நிமிடம் ஆகிறது என்று கொள்வோம். பயணிகள் எதேச்சையாக வருகிறார்கள். சோதனை நேரமும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. மேடையின் திறனில் 80 விழுக்காடு பயன்பட்டால் ஒருவர் வரிசையில் சராசரியாக 4 நிமிடம் நிற்க வேண்டும். 90 விழுக்காடு பயன்பட்டால் 9 நிமிடம். 95 விழுக்காடு பயன்பட்டால் 19 நிமிடம். கூட்டம் 80இலிருந்து 95க்கு, அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கூடியிருக்கிறது. காத்திருக்கும் நேரமோ ஏறத்தாழ ஐந்து மடங்காகிவிட்டது.

இதனால்தான் விமான நிலையத்தில் இரண்டு பேர் இரண்டு உண்மைகளைச் சொல்கிறார்கள். விடியற்காலையில் நின்ற பயணி, கொடுமையான வரிசை என்கிறார். நண்பகலில் சுற்றிப் பார்த்த அதிகாரி, ஒழுங்காகத்தானே இருக்கிறது என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. நாள் முழுவதற்குமான சராசரி எடுத்தால் விடியற்காலை உச்சம் அதற்குள் மறைந்துபோகும். பயணி தம் புகாரில் மணியையும் இடத்தையும் எழுதினால்தான் அந்த உச்சம் வெளியே தெரியும். தெரிந்துவிட்டால், அந்த இரண்டு மணி நேரத்திற்கு மட்டும் இன்னும் ஒரு மேடையைத் திறந்தாலே போதும்; நாள் முழுதும் திறக்க வேண்டியதில்லை.

நின்றுகொண்டே இதை அளக்கவும் வழி உண்டு. 1961இல் ஜான் லிட்டில் என்னும் அமெரிக்க அறிஞர் எளிய விதி ஒன்றை நிறுவினார். வரிசையில் நிற்போர் எண்ணிக்கை, நிமிடத்துக்கு வருவோர் எண்ணிக்கையையும் ஒருவர் நிற்கும் நேரத்தையும் பெருக்கினால் கிடைப்பதாகும். நிமிடத்துக்குப் பத்துப் பேர் வந்து பத்துப் பேர் வெளியேறும் ஒரு கூடத்தில் 200 பேர் நின்றால் ஒருவர் 20 நிமிடம் நிற்க வேண்டிவரும். கைக்கடிகாரமும் எண்ணத் தெரிந்த கண்ணும் போதும்.

யாரிடம் கேட்கிறார்கள்?

விமான நிலையங்கள் பயணிகளின் கருத்தைக் கேட்காமல் இருக்கின்றன என்று சொல்ல முடியாது. பன்னாட்டு விமான நிலையங்கள் மன்றம் 2006 முதல் சேவைத் தர ஆய்வு ஒன்றை உலகெங்கும் நடத்தி வருகிறது. பயணிகள் தூய்மை, காத்திருப்பு, வழிகாட்டிப் பலகை, பணியாளரின் பண்பு போன்ற பலவற்றுக்கு ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் தருகிறார்கள். நம் நாட்டில் 2016 நவம்பரில் வான்பயணிகளின் குறைகளைப் பதிவு செய்ய ஏர்சேவா என்னும் ஏற்பாட்டை மத்திய அரசு தொடங்கியது. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த விமான நிலையப் பொருளாதார ஒழுங்குமுறை ஆணையம், பெரிய விமான நிலையங்களில் பயணியிடம் பெறும் கட்டணங்களை முடிவு செய்யும் முன், தொடர்புடைய அனைவரின் கருத்தையும் கேட்டாக வேண்டும். சேவையின் தரத்தைக் கண்காணிப்பதும் அதன் கடமைகளுள் ஒன்று.

ஆனால் யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே விடை அமையும். இரண்டாம் உலகப் போரின்போது, குண்டு துளைத்துத் திரும்பிய விமானங்களில் எங்கே கவசம் பூட்டுவது என்ற சிக்கலைக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கணித அறிஞர் ஆபிரகாம் வால்டு ஆராய்ந்தார். திரும்பி வந்தவற்றில் துளைகள் மிகுந்த இடங்களை மட்டும் பார்த்தால் போதாது. அந்த இடங்களில் அடிபட்டும் விமானம் திரும்பிவிட்டதல்லவா? துளை குறைவாகத் தெரியும் இடங்களில் அடிபட்டவை திரும்பவே இல்லை. எண்ணிக்கையில் வராதவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது அவர் கற்பித்த பாடம்.

விமான நிலையச் சேவைத் தர ஆய்வு தொடக்கத்தில் புறப்பாட்டுக் கூடத்தில் அமர்ந்திருக்கும் பயணிகளிடமே நடந்தது. வந்திறங்குவோரிடம் கேட்பது பின்னாளில்தான் சேர்ந்தது. புறப்பாட்டுக் கூடம் வரை வந்து அமர்ந்தவர், எல்லா வரிசைகளையும் தாண்டிவிட்டவர். வரிசையில் சிக்கி விமானத்தைத் தவற விட்டவர் அங்கே இல்லை. பலகையைப் படிக்கத் தெரியாமல் வேறு வாயிலுக்குப் போனவரும் இல்லை. வெளியே விடியும்வரை நின்று மகனை வழியனுப்பிய தாயும் இல்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டரில் இருக்கும் கடப்பாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே ஆலம்பரைக் கோட்டை. பதினெட்டாம் நூற்றாண்டில் கப்பல்கள் வந்து நின்ற துறை. இன்று இவ்வூரிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் புறப்படுபவருக்கு விமானப் பயணம் மீனம்பாக்கம் வாயிலில் தொடங்குவதில்லை. விடியற்காலை விமானத்துக்கு முதல் நாள் மாலையே பேருந்து ஏற வேண்டும். இரவைக் கழிக்க ஓர் இடம், மலிவாக ஒரு வாய் காப்பி, தமிழில் ஓர் அறிவிப்பு ஆகியவை அவருக்கு அடிப்படைத் தேவைகள். விமான நிறுவனத்தின் கருத்துப் படிவம் ஆங்கிலத்தில் வந்தால் அவர் அதைத் தொடாமலே போவார். அவர் எழுதாததால் குறையே இல்லை என்று கணக்கு முடிந்துவிடும்.

மொழியைப் பற்றிய குறை கேட்கப்பட்ட ஒரு நிகழ்ச்சியும் சென்னையிலேயே உண்டு. 2020 ஆகஸ்டில் நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி, தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசும்படி கேட்டபோது பாதுகாப்புப் பணியாளர் ஒருவர், நீங்கள் இந்தியரா என்று தம்மிடம் கேட்டதாகப் பொதுவெளியில் தெரிவித்தார். மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை அன்றே விசாரணைக்கு உத்தரவிட்டது. எந்த ஒரு மொழியையும் வற்புறுத்துவது தன் கொள்கையன்று என்றும் அறிவித்தது. நாடறிந்தவர் சொன்னால் சில மணி நேரத்தில் விடை வருகிறது. பெயர் தெரியாத பயணிக்கும் அதே விடை வர வேண்டும் என்பதற்காகத்தான் புகார் முறை என்று ஒன்று தேவைப்படுகிறது.

எண்ணிய குறையும் பத்து ரூபாய்த் தேநீரும்

சென்னையில் 2013இல் புதிய முனையங்கள் திறக்கப்பட்ட பிறகு, கண்ணாடித் தகடுகளும் மேற்கூரைப் பலகைகளும் அடிக்கடி விழுந்தன. ஒருமுறை விழுந்தால் அது விபத்து. செய்தித்தாள்களோ ஒவ்வொரு முறையும் இது இத்தனையாவது முறை என்று எண்ணிட்டுச் செய்தி வெளியிட்டன. எண்ணிக்கை ஏற ஏற, தற்செயல் என்று யாரும் சொல்ல முடியாமற்போயிற்று. கட்டுமானத்திலேயே ஏதோ குறை இருக்கிறது என்ற கேள்வி நாடறிய எழுந்தது. தனித்தனி நிகழ்ச்சிகளை ஒரு தொடராக்கியது எண்ணுதல் என்னும் எளிய செயலே.

உணவு விலையின் கதை இன்னும் தெளிவானது. விமான நிலையத்தில் தேநீரும் தண்ணீரும் விற்கும் விலையைப் பற்றி நெடுநாளாகவே பயணிகள் முணுமுணுத்து வந்தார்கள். சோதனையைக் கடந்து உள்ளே சென்றவர் வெளிக்கடைக்குத் திரும்ப முடியாது, கடைக்காரருக்குப் போட்டியில்லை, விலை ஏறுகிறது. விமானத்தில் செல்பவர் எல்லாம் பணக்காரரே என்ற எண்ணம் இருந்தவரை இது குறையாகவே கருதப்படவில்லை. 2024 டிசம்பரில் மாநிலங்கள் அவை உறுப்பினர் ராகவ் சத்தா இந்த விலைகளை அவையில் எடுத்துரைத்தார். அம்மாதமே கொல்கத்தா விமான நிலையத்தில் உடான் யாத்ரி கஃபே என்னும் மலிவு விலை உணவகம் திறக்கப்பட்டது. அடுத்ததாக 2025 பிப்ரவரியில் சென்னையிலும் திறந்தார்கள். தேநீர் 10 ரூபாய், தண்ணீர் 10 ரூபாய், காப்பி 20 ரூபாய், சமோசா 20 ரூபாய்.

நம் நான்கு உறுப்புகளையும் இதில் அடையாளம் காணலாம். பயணி விலையை உணர்ந்தார். வெளியே விற்கும் விலை குறியளவாக நின்றது. அவையில் இரண்டும் ஒப்பிடப்பட்டன. அமைச்சகம் செயல் உறுப்பாயிற்று. ஆனாலும் சுற்று முழுமையடைய எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதையும் மறக்கக் கூடாது. மாக்ஸ்வெல் எச்சரித்த தாமதம் நம் நிருவாகங்களில் இன்னும் பெரியது.

நீங்கள் எழுதும் புகார்

ஆகவே, அடுத்த முறை விமான நிலையமோ இரயிலோ பேருந்து நிலையமோ உங்களுக்கு ஒரு தொல்லை தந்தால் அதை ஓர் அளவீடாக எழுதிப் பாருங்கள். எந்த இடம், எந்த நாள், எத்தனை மணி? எத்தனை பேர் நின்றார்கள், எவ்வளவு நேரம் ஆயிற்று? இருக்க வேண்டியது என்ன, இருந்தது என்ன? எந்தச் சிறு மாற்றம் செய்தால் அது தீரும்? இவற்றுக்கு விடை இருந்தால் உங்கள் கடிதம் பத்து வரியே ஆயினும் பொறியில் பொருத்தத்தக்க ஓர் உறுப்பு. ஒரு பணியாளரின் பெயரைச் சொல்லித் தண்டனை கேட்கும் முன், சென் கேட்ட அபராதத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். அதே மேடையில் வேறொரு பணியாளர் நின்றிருந்தாலும் இதே தொல்லை நேர்ந்திருக்குமா? நேர்ந்திருக்கும் என்றால் குறை ஏற்பாட்டில் இருக்கிறது.

நன்றாக நடந்ததையும் எழுதுங்கள். எது சரியாக இருக்கிறது என்று தெரியாத நிருவாகம், செலவைக் குறைக்கும்போது அதையே முதலில் வெட்டிவிடக்கூடும்.

இதற்கு விமானம் ஏற வேண்டும் என்பதில்லை. மாணவர்கள் நால்வர் சேர்ந்து, தங்கள் ஊர் நியாய விலைக் கடையிலோ வங்கியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஒரு வாரம் இதைச் செய்யலாம். கால் மணிக்கு ஒருமுறை வரிசையில் நிற்போரை எண்ணுங்கள். அதே கால் மணியில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் வேலை முடிந்து போனார்கள் என்று குறியுங்கள். லிட்டிலின் விதியால் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிட்டு வரைபடம் போடுங்கள். உச்சம் எந்த நேரத்தில் வருகிறது என்று பாருங்கள். வரிசையைப் பார்த்துவிட்டு நிற்காமலே திரும்பிப் போனவர்களையும் தனிப் பத்தியில் எண்ணுங்கள். வால்டு சொன்னது அவர்களைப் பற்றித்தான்.

பிறகு அந்த வரைபடத்தைக் கடை மேலாளரிடமோ மருத்துவரிடமோ கொண்டுபோய்க் கொடுங்கள். சண்டைக்கு வந்தவராக அவர் உங்களைப் பார்க்கமாட்டார். தம் கையில் இல்லாத ஓர் அளவைக் கொண்டுவந்து தந்தவராகவே பார்ப்பார். ஒரு மாதம் கழித்து அதே இடத்தில் மீண்டும் எண்ணுங்கள். இரண்டு வரைபடங்களும் வேறுபட்டிருந்தால் சுற்று இணைந்துவிட்டது என்று பொருள். வேறுபடவில்லை என்றால் எந்த உறுப்பில் அறுந்திருக்கிறது என்று தேடுங்கள். அடுத்த கடிதத்தை எவருக்கு எழுத வேண்டும் என்பது அப்போது தெரியும்.